உறக்கம் பற்றிக் கேட்டவை: ஓர் உயிரியல் ஆசிரியையின் பதில்கள்

உயர்தர மாணவி, தலவாக்கலை: டீச்சர், தூங்காத விலங்குக்கு எதிரி பயமும் குறைவு, இரை தேடவும் நேரம் அதிகம். பிறகு ஏன் எல்லாம் தூங்குகின்றன?

நல்ல கேள்வி மகள். ஹோட்டன் சமவெளி மரை மானுக்குச் சிறுத்தைப் பயம் எப்போதும் உண்டு. ஆனாலும் மரை தூங்குகிறது. இவ்வளவு ஆபத்தான வழக்கத்தைப் பரிணாமம் கழித்துவிடவில்லை என்றால், அதை விட்டால் நேரும் இழப்பு இன்னும் பெரிது. டால்பின் மூளையின் ஒரு பாதியை உறங்கவிட்டு, மறுபாதியால் நீந்தி மேலே வந்து மூச்செடுக்கிறது. அண்டார்டிக்காவில் கூடு காக்கும் ஒருவகைப் பென்குயின் சுமார் நான்கே நொடி கண்ணயர்கிறது. நாளொன்றுக்கு 10,000 தடவைக்கு மேல் அப்படி அயர்ந்து, மொத்தத்தில் 11 மணி நேரத்தைத் தேற்றிக்கொள்கிறது. உறக்கத்தைத் துண்டு போடுகின்றன, கைவிடவில்லை.

1980களில் சிக்காகோவில் எலிகளை அடியோடு தூங்கவிடாமல் வைத்துப் பார்த்தார்கள். வழக்கத்தைவிட அதிகம் தின்றும் உடல் மெலிந்து, இரண்டு மூன்று வாரங்களில் அவை இறந்தன. ஆழ்ந்த உறக்கத்தில்தான் வளர்ச்சி ஓமோன் மிகுதியாகச் சுரக்கிறது. பகலில் கற்றது மூளையில் நிலைபெறவும் உறக்கம் உதவுகிறது. தூங்கும் மூளை தன் கழிவைக் கழுவி வெளியேற்றுகிறது என்று 2013இல் எலிகளில் கண்டார்கள். அதுபற்றி ஆய்வாளரிடையே இன்னும் வாதம் நடக்கிறது.

ஒரு தாய், புசல்லாவ: மகனுக்கு ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை. இரவு பதினொன்று வரை படிக்க வைத்து, காலை நான்குக்கு எழுப்புகிறேன். போதுமா?

போதாது அம்மா. அந்த வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். நீங்கள் கொடுப்பது ஐந்து. இரவு படித்ததைப் பதியவைக்கும் வேலையையே நீங்கள் குறைத்துவிடுகிறீர்கள். இன்றே ஒன்பது மணிக்குப் படுக்க வையுங்கள், காலை ஆறு வரையாவது தூங்க விடுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலை இரவு வேலையாள், ஹட்டன்: விடிந்து லயத்து வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கமே பிடிப்பதில்லை, டீச்சர்.

அண்ணன், குறை உங்களிடம் இல்லை. கண்களுக்குப் பின்னால், மூளையின் அடிப்பகுதியில் சுமார் 20,000 நரம்புக்கலங்கள் கொண்ட ஒரு சிறு திரள் இருக்கிறது. உடலின் கடிகாரம் அதுதான். வெளிச்சத்தைப் பார்த்து அது நேரம் திருத்திக்கொள்கிறது. இந்தக் கடிகாரத்தை இயக்கும் மரபணுக்களைப் பழ ஈயில் கண்டறிந்த ஹால், ரொஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. விடிகாலை வெயிலில் மலை ஏறி வீடு வரும்போது உங்கள் கடிகாரம் “பொழுது விடிந்தது, விழித்திரு” என்கிறது. ஆகவே வரும் வழியில் குடை பிடியுங்கள், தொப்பி போடுங்கள். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிடுங்கள். சுவர் ஒட்டிய வீடுகளில் வானொலியைத் தணித்து வைக்கச் சொல்லி வீட்டார் கேட்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, சாயம், அதாவது வெறுந்தேநீர். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை அழைக்கிறது. தேநீரின் கஃபீன் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. குடித்த கஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். வேலை முடியும் நேரத்தில் சாயம் வேண்டாம்; கடைசிக் கோப்பை நள்ளிரவோடு நிற்கட்டும். குளிருக்காக அறையை அடைத்து உள்ளே கரிச்சட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள்.

பதுளை, மஸ்கெலியா, நானுஓயா வாசகர்கள்: எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்?

பெரியவர்களுக்கு ஏழு அல்லது அதற்கு மேல். பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து.

வாசகர், பண்டாரவளை: தொட்டாச்சுருங்கி இரவில் தூங்குகிறது என்று படித்தோமே. செடிக்கும் உறக்கம் உண்டுதானே?

இல்லை ஐயா. தேயிலை மலைப் பாதையோரம் பொழுது சாயும்போது குனிந்து பாருங்கள். யாரும் தொடாமலே சிற்றிலைகள் இணை இணையாகக் கூம்பி, காம்பு தாழும். காம்படியில் இருக்கும் சிறு புடைப்பில் பொட்டாசியமும் நீரும் இடம் மாறுவதால் நடப்பது அது.

அதே வாசகர்: மூளை இல்லை என்பதால் மறுக்கிறீர்களா?

மூளையை நான் பேசவே இல்லை. கடலடியில் தலைகீழாகக் கிடக்கும் காசியோப்பியா என்ற சொறிமுட்டைக்கு (ஜெல்லி மீன்) மூளை கிடையாது, நரம்பு வலை மட்டும் உண்டு. அது உறங்குகிறது என்று 2017இல் காட்டினார்கள். பகலில் நிமிடத்துக்கு 58 தடவை துடிக்கும் உடல் இரவில் 39 தடவையே துடிக்கிறது. கீழிருந்த தட்டை உருவினால் பகலில் சட்டென அடியைத் தேடி நீந்தும். இரவில் தாமதித்தே அசையும். இரவெல்லாம் நீர் பீய்ச்சித் தொல்லைப்படுத்தினால் மறுநாள் மந்தமாகிவிடும். உறக்கத்துக்கு இவைதான் சோதனைகள்: அடங்கிக் கிடக்க வேண்டும், எழுப்பச் சற்று முயற்சி வேண்டும், பறிகொடுத்ததைப் பிறகு ஈடுகட்ட வேண்டும்.

இன்னொருவர், கொட்டகலை: இரவில் வெளிச்சம் போட்டால் செடியும் தடுமாறுகிறது. அது மட்டும் என்ன?

கடிகாரம் இருப்பது வேறு, உறக்கம் இருப்பது வேறு. 1729இல் டி மைரான் என்ற பிரெஞ்சுக்காரர் தொட்டாச்சுருங்கியை இருட்டில் வைத்தார். வெயிலே படாமலும் அது நேரத்துக்கு விரிந்து கூம்பியது. செடிக்குள் கடிகாரம் இருப்பதற்கு அது சான்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருநாள் கூம்பாத இலை மறுநாள் கூடுதலாகக் கூம்பிக் கடன் தீர்க்கிறதா? அதைக் காட்டுங்கள், என் பதிலை மாற்றுகிறேன்.

மாணவன், நுவரெலியா: விழிப்பு வந்தும் கைகால் அசையவில்லை. அமுக்குவான் என்கிறார் பாட்டி.

பேய் இல்லை தம்பி. கனவு காணும்போது நாம் எழுந்து ஓடிவிடாமல் மூளை தசைகளைக் கட்டிவைக்கிறது. விழிப்பு முந்திக்கொண்டால் அந்தக் கட்டு சற்று நேரம் நீடிக்கும். பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஒரு மனைவி, இராகலை: கணவர் குறட்டையிடும்போது மூச்சு நின்று திணறி எழுகிறார்.

எனக்கு எழுதிக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

வெலிமடை வாசகர்: எத்தனை மணி நேரம்...

மேலே இருக்கிறது, வாசியுங்கள்.

நானுஓயாவிலிருந்து: குளிரில் தூக்கம் வருவதில்லை. கரிச்சட்டியைக் கட்டிலடியில் வைக்கலாமா?

வைக்கவே வேண்டாம். கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது பற்றிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு மூச்சுத்திணறல்கூடத் தெரியாது. சட்டியை இப்போதே வெளியே எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். வெந்நீர்ப் போத்தலை நன்றாக மூடித் துணி சுற்றிக் கம்பளிக்குள் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டிலும் சட்டி இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள்.