நாடகமும் கலையும் ஓர் இளம் பிள்ளையின் தன்னம்பிக்கையையும் இலட்சியங்களையும் உண்மையிலேயே உருவாக்குகின்றனவா?

பத்தாம் வகுப்பு படிக்கும் தம் மகள் பள்ளி நாடகக் குழுவில் சேர விரும்புவதாகவும், அது அவளுக்குத் தன்னம்பிக்கையைத் தருமா அல்லது படிப்பைக் கெடுத்துவிடுமா என்று தெரியவில்லை என்றும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நான் திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாற்றுக்கு அருகில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். ஆண்டு விழா வந்துவிட்டால் நாடகப் பொறுப்பு தமிழாசிரியர் தலையில்தான் விழும் என்பது எழுதப்படாத விதி. அப்படித் தலையில் விழுந்த வேலையைப் பிறகு விரும்பியே பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அதிலிருந்தும், கூத்துப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரன் என்ற முறையிலும் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

மேடை ஏறினால் கூச்சம் போய்விடும் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அதில் பாதிதான் உண்மை. மேடையில் கட்டபொம்மனாகக் கர்ஜித்துக் கைத்தட்டல் வாங்கிய பையன், மறுநாள் தலைமையாசிரியர் அறைக்கு விடுப்புக் கடிதம் கொடுக்கப் போகும்போது கதவோரம் நின்று நெளிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கைத்தட்டல் தரும் துணிச்சலுக்கு ஆயுள் குறைவு. நீடித்து நிற்பது ஒத்திகையில் கிடைப்பதுதான். வகுப்பறையில் ஒரு மாணவர் படிக்காமல் வந்தால் நட்டம் அவருக்கு மட்டுமே. ஒத்திகைக்கு வராமல் போனாலோ, எதிரில் நின்று பேச வேண்டியவர் வெறுங்காற்றைப் பார்த்து வசனம் பேச வேண்டியிருக்கும். தன்னை நம்பி இன்னும் சிலர் காத்திருக்கிறார்கள், தான் சரியான நேரத்தில் சரியான சொல்லை எடுத்துக் கொடுத்தால்தான் அடுத்தவருடைய வேலை நடக்கும் என்பதை, வீட்டில் 'பெரியவர்கள் பேசும்போது நீ சும்மா இரு' என்று மட்டுமே கேட்டு வளரும் வயதில் ஒரு பிள்ளை உணர்வது சாதாரண விஷயம் அல்ல.

எங்கள் பக்கத்துக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு நான் அடுத்துச் சொல்லப்போவது எளிதில் விளங்கும். கூத்தில் முக்கிய வேஷம் விறுவிறுவென்று அரங்குக்குள் நடந்து வந்துவிடாது. இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் நின்றபடியே வேஷக்காரர் பாடத் தொடங்குவார். முதலில் சலங்கைச் சத்தம் கேட்கும், பிறகு துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், முகம் தெரிவதற்கு வெகுநேரம் ஆகும். வந்திருப்பது யார், எந்த நாட்டுக்கு அதிபதி, வந்த காரணம் என்ன என்று கேலியும் மரியாதையும் கலந்து கட்டியங்காரன், அதாவது கூத்தை நடத்திச் செல்லும் கோமாளி, விசாரிப்பான். வேஷக்காரர் தன் பெயரையும் குலத்தையும் பராக்கிரமத்தையும் ஊர் முழுக்கக் கேட்கும்படி சொல்லியாக வேண்டும். கடைசி வரிசையில் போர்வைக்குள் அரைத்தூக்கத்தில் கிடக்கும் கிழவியின் காதிலும் அது விழ வேண்டும்.

இந்தத் திரைப் பிரவேசத்தையே நான் பிள்ளைகளுக்குப் பயிற்சியாக வைத்திருக்கிறேன். இருவர் ஒரு வேட்டியை விரித்துப் பிடிப்பார்கள், ஒருவர் கட்டியங்காரன், மறைவில் நிற்பவர் முதல் சுற்றில் துரியோதனனாகவும் இரண்டாவது சுற்றில் தன்னுடைய சொந்தப் பெயரிலும் பிரவேசிக்க வேண்டும். துரியோதனன் எல்லாருக்கும் எளிதாக வந்துவிடுவான். சொந்தப் பெயர் என்றதும்தான் குரல் உள்ளே போய்விடும். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, துரியோதனனாகத் தரையதிர வந்தவள், தன் முறை வந்ததும் தன் பெயரையும் தந்தையின் பெயரையும் ஊரையும் வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். கட்டியங்காரனாக இருந்த பையன் விடவில்லை. 'அவ்வளவுதானா? அவனுக்கு மட்டும் அத்தனை பெருமை சொன்னாயே' என்று கேட்டான். வேட்டிக்குப் பின்னால் நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு, 'வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் எங்கள் பசு கன்று ஈன்றபோது, காலைப் பிடித்துக் கன்றை வெளியே இழுத்துப் போட்டவள் நான்' என்று சொன்னாள். துரியோதனனுக்குக் கொடுத்த அதே குரலில் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், சிரித்து முடித்ததும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொள்ள ஏதோ ஒன்று இருப்பது நினைவுக்கு வந்துவிட்டது. அந்த வரிசையில் கணக்கில் தோற்றவர்களும் இருந்தார்கள், கபடியில் மாவட்டம் வரை போனவர்களும் இருந்தார்கள்.

நடிப்பு பொய்யான தைரியத்தைத்தானே கற்பிக்கிறது என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தைரியம் என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் உடம்புப் பழக்கம்தான்: மூச்சை எங்கே எடுப்பது, குரலைத் தொண்டையிலிருந்து கத்தாமல் அடிவயிற்றிலிருந்து கொண்டுவருவது, கால்களை எவ்வளவு அகட்டி நிற்பது, கேட்பவரின் முகத்தை எப்போது பார்ப்பது. கூத்தில் மரத்தில் செதுக்கி, வண்ணம் தீட்டி, கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடத்தையும் புஜகட்டைகளையும் மார்ப்பதக்கத்தையும் கட்டிக்கொண்டவர் கூனிக் குறுகி நிற்க முடியாது. கட்டைகள் அதற்கு இடம் கொடுக்காது. கட்டைகளை அவிழ்த்த பிறகும் அந்த நிற்கும் விதம் கொஞ்சம் மிச்சமிருக்கும். அப்படி மிஞ்சியதைப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இலட்சியத்தைப் பொறுத்தவரை நம் மேடைக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது, அது இனிப்பும் கசப்பும் கலந்தது. 1918இல் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற சிறுவர் குழுவின் ஆசிரியராக அமர்ந்தார். அதில் ஏறக்குறைய ஆறு வயதில் சேர்ந்தவர்தான் பிற்காலத்தில் ஔவையார் வேடத்தால் ஔவை சண்முகம் என்றே பெயர் பெற்ற தி. க. சண்முகம். அந்தச் சிறுவனைக் கதாநாயகனாக வைத்துச் சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும் ஒரே இரவில் எழுதி முடித்த செய்தியைச் சண்முகம் தம் நாடக வாழ்க்கை நினைவுகளில் பதிந்திருக்கிறார். அத்தனை பெரிய ஆசிரியர் தனக்காக ஓர் இரவு முழுவதும் கண்விழித்திருக்கிறார் என்று அறிந்த பிள்ளை, தன் வாழ்க்கையைச் சிறியதாக நினைக்க வாய்ப்பே இல்லை. 1925இல் சண்முகமும் அவருடைய சகோதரர்களும் சொந்தக் குழுவையே தொடங்கிவிட்டார்கள். வி. சி. கணேசன் என்ற சிறுவன் கட்டபொம்மன் நாடகம் பார்த்து, தானும் நடிகனாக வேண்டும் என்று முடிவுசெய்து சிறுவர் நாடகக் குழு ஒன்றில் சேர்ந்ததும், 1959இல் சிவாஜி கணேசனாகத் திரையில் அதே கட்டபொம்மனாக நின்றதும் பலரும் அறிந்ததே.

கசப்பான பகுதியை யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட அந்தச் சிறுவர் நாடகக் குழுக்களில் பள்ளிப் படிப்பு கிடையாது. வசனமும் பாட்டும் சரியாக வராவிட்டால் அடி விழும். பிள்ளைகள் ஊர் ஊராகப் பெற்றோரைப் பிரிந்து அலைந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, குரல் உடையும் வயதில் மகரக்கட்டு வந்துவிட்டால், நேற்று வரை ராஜபார்ட்டாகவோ (கதாநாயகன்) ஸ்திரீபார்ட்டாகவோ (பெண் வேஷம்) கொண்டாடப்பட்ட பையன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டான். பாட்டுதான் நாடகம் என்றிருந்த காலம் அது. குரலோடு வேஷமும், வேஷத்தோடு அவன் தன்னைப் பற்றி வைத்திருந்த மதிப்பும் போயின. சிவாஜிகளின் பெயர்களை எண்ணிப் பார்க்கும் நாம், மகரக்கட்டில் தொலைந்தவர்களின் பெயர்களை எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒரே ஒரு திறமையின் மேல் ஒரு பிள்ளையின் முழு மதிப்பையும் ஏற்றி வைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

படிப்பா கலையா என்று நீங்கள் கேட்டதற்கு, எங்கள் பக்கத்திலேயே ஒருவர் செயலால் பதில் சொல்லிப் பார்த்தார். பெருங்கட்டூர் ராஜகோபால் சிறு வயதிலேயே பள்ளியை விட்டு, தந்தையின் குழுவில் ஆடத் தொடங்கியவர். அவரும் அவருடைய துணைவியார் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002இல் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கி 2020 வரை நடத்தினார்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் பாடத்தையும் கூத்தையும் சேர்த்துப் படித்தார்கள். திரௌபதி வேஷத்தைக்கூட ஆண்களே கட்டிவந்த ஒரு கலையில், அங்கே பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடப் பயின்றார்கள். பதின்மூன்று வயதுப் பெண் அரிதாரம் பூசி, மீசை வரைந்து, கிரீடம் வைத்து, சபை நடுவே வீற்றிருப்பதைக் கண்ட அவள் ஊர்ப் பெண்களுக்கு அது வெறும் வேடிக்கையாக மட்டும் இருந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாடகத்தால் வரும் இலட்சியம் நடிகராவதாகத்தான் இருக்கும் என்று பெற்றோர்கள் அஞ்சுகிறார்கள். என்னிடம் நடித்த பிள்ளைகளில் நடிப்பைத் தொழிலாகக் கொண்டவர் யாரும் இல்லை. மிகவும் நினைவில் நிற்பவன் மேடையே ஏறாத ஒருவன். வாய் திறக்கவே தயங்குவான் என்பதால் வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தேன். மாதக் கடைசியில் பார்த்தால், நாடகம் முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். யார் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், மைக்கை எங்கே நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் மேளம் ஓய வேண்டும் என்று நானே அவனிடம் கேட்கும் நிலை வந்தது. விழா அன்று மின்சாரம் போனபோது, ஜெனரேட்டர் ஓடும் வரை காட்சியை எங்கே இழுத்துப் பிடிப்பது என்று திரைமறைவிலிருந்து சைகை காட்டியவனும் அவனே. பிறகு சவுண்டு சர்வீஸ்காரர்களோடு விடுமுறை நாட்களில் போய்வந்து, பாலிடெக்னிக்கில் மின்னியல் எடுத்தான். வாய் திறக்கத் தயங்குபவன் என்றுதான் இன்றும் அவனைச் சொல்லலாம், ஆனால் ஒரு மேடையைப் பொறுப்பேற்று நடத்தச் சொன்னால் தயங்க மாட்டான். 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் திரைப்பட நடிகர் விஜய் சேதுபதி கணக்கு எழுதும் வேலையில் இருந்தபடிதான் நடிகர்களைக் கவனித்துக் கற்றார் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். நாடகக் கூடத்தில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு எது பற்றிக்கொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

பள்ளிகளில் இப்போது நடப்பது பற்றி எனக்குக் கலவையான எண்ணமே உண்டு. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழா, பள்ளி அளவில் தொடங்கி மாநிலம் வரை பிள்ளைகளைக் கொண்டு செல்கிறது. பறையும் கூத்தும் தெரிந்த பிள்ளைக்கு அது பள்ளியிலேயே மரியாதை வாங்கிக் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் பரிசு என்று வந்துவிட்டால், ஏற்கனவே நன்றாகப் பேசுகிற பிள்ளையையே முன்னே நிறுத்தும் ஆசை ஆசிரியர்களுக்கு வந்துவிடுகிறது, எனக்கும் வரும். அப்போது நாடகம் யாருக்கு அதிகம் தேவையோ அவர் மரமாகவோ காவலாளியாகவோ ஓரத்தில் நிற்க நேரிடுகிறது. இலங்கையில் நாடகமும் அரங்கியலும் உயர்தரப் பரீட்சை வரை படிக்கக்கூடிய பாடமாகவே இருக்கிறது. போட்டிக்கு வெளியே, வகுப்பு நேரத்துக்குள்ளேயே அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருப்பது எனக்குப் பொறாமையை உண்டாக்குகிறது.

உங்கள் மகள் விஷயத்தில், சேரட்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் சேர்ப்பதற்கு முன் ஒருநாள் அந்தக் குழுவின் ஒத்திகையை அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். சொன்ன நேரத்துக்குத் தொடங்குகிறார்களா, இரண்டே வரி பேசும் பிள்ளைக்கும் ஆசிரியர் நேரம் ஒதுக்குகிறாரா, தவறினால் திட்டுகிறார்களா அல்லது மறுபடி செய்யச் சொல்கிறார்களா என்பதைக் கவனித்தால் போதும். நாடகம் முடிந்து அவள் வீட்டுக்கு வந்ததும், எல்லாரையும்விட நீதான் நன்றாக நடித்தாய் என்று சொல்லாதீர்கள். எந்த இடம் கடினமாக இருந்தது, யார் கைகொடுத்தார்கள் என்று கேளுங்கள். பொதுத்தேர்வு நெருங்கிவிடும் என்பதால், அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பெரிய பாத்திரம் வேண்டாம் என்று ஆசிரியரிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அதன் பிறகும் அவள் குழுவை விட்டு விலக மனமில்லாமல் இருந்தால், வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்; அதற்கு மாலையில் ஒரு மணி நேரம் போதும், பாடப் புத்தகத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போகலாம்.