எரிந்த கட்சி, எரியாத கட்சி, நாஸ் கட்சி

(இசை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, கோத்தகிரியில் இருபது வருடமாக மைக் செட் கடை நடத்துபவர் பதில் தருகிறார்.)

கே: எங்கள் ஹாஸ்டலில் அமெரிக்க ராப் பாடகர்களான நாஸ், ஜே-ஸீ இருவருக்காக நாஸ் கட்சி, ஜே-ஸீ கட்சி என்று பிரிந்து கிடக்கிறோம். நாஸின் 'இல்மேட்டிக்'கை மிஞ்சிய ராப் ஆல்பம் கிடையாது என்றால் எதிர்க்கட்சி சிரிக்கிறது. நீங்களே சொல்லுங்கள் அண்ணா.
– கல்லூரி மாணவர், ஊட்டி

ப: தம்பி, நானும் நாஸ் கட்சிதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1994-இல் அந்த ஆல்பம் வந்தபோது அவருக்கு 20 வயது. மொத்தம் 10 டிராக், 40 நிமிடம்கூட இல்லை. நான் அதைக் கேட்டது ரொம்பத் தாமதமாக, ஒரு ஆடி மழையில், கடையில் ஆம்ப்ளிஃபயருக்கு சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தபோது. இரண்டாவது டிராக்கில் ஒரு பியானோ வரும், இருட்டுப் படிக்கட்டில் யாரோ இறங்கி வருவதுபோல. ஜோ சேம்பர்ஸின் 'மைண்ட் ரெயின்' என்ற ஜாஸ் இசையில் இருந்து அந்தப் பாட்டுக்கு இசை அமைத்த டிஜே பிரீமியர் வெட்டி எடுத்துச் சுற்றவிட்டது. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை என்று நாஸ் வாய்விட்டுச் சொல்வதும் அப்படியே பதிவாகியிருக்கிறது. சொன்ன கையோடு மூச்சுவிடாமல் கொட்டுகிறார். சால்டரிங்கைக் கீழே வைத்துவிட்டேன்.

வரிகள் அன்றைக்குப் புரியவில்லை. பிறகு அச்செடுத்து வைத்துப் படித்தேன். நியூயார்க்கில் குவீன்ஸ்பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பு அவர் வளர்ந்த இடம். ஜெயிலில் இருக்கும் நண்பனுக்கு எழுதும் கடிதமாகவே ஒரு பாட்டு: உனக்குப் பையன் பிறந்திருக்கிறான், உன் ஜாடையாம், உன் ஆள் ஏன் உனக்குக் கடிதம் போடுவதில்லை என்று போகும். நான் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவன். இலங்கையிலேயே தங்கிவிட்ட பெரியப்பாவுக்கு அம்மா எழுதிய கடிதங்கள் இதே தொனியில்தான் இருக்கும்.

எதிர்க்கட்சியிடம் ஒன்று கேள். ஜே-ஸீயின் முதல் ஆல்பம் 'ரீசனபிள் டவுட்'டில் (1996) 'டெட் பிரசிடென்ட்ஸ் 2' என்று ஒரு பாட்டு. பல்லவியில் வருகிற குரல் யாருடையது? 'இல்மேட்டிக்'கில் உள்ள ஒரு பாட்டின் வரியைப் பாடும் நாஸின் குரல். ஆனால் அந்த ஆல்பமும் தங்கம், அதையும் முழுசாகக் கேட்டுவிட்டுப் பேசு.

கே: ஒருவரை ஒருவர் பாட்டில் திட்டுவதும், அதற்காக என் மகன் நண்பர்களோடு முறைத்துக்கொள்வதும் கலையா?
– ஆசிரியை, குன்னூர்

ப: டீச்சர், என் தாத்தா லாவணி பாடியவர். மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் டேப் என்ற தோல்கருவியைத் தட்டிக்கொண்டு விடிய விடிய வாதாடும். எதிராளி விட்ட சொல்லைப் பிடித்தே அவனை மடக்க வேண்டும். ஊரும் இரண்டு பக்கமாக நிற்கும். விடிந்ததும் எல்லோரும் சேர்ந்து டீ குடிப்பார்கள். அது கலை என்றால் இதுவும் கலைதான்.

எல்லை மீறுவதும் உண்டு, அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 2001-இல் ஜே-ஸீ நாஸைத் திட்டி 'டேக்ஓவர்' பாட, நாஸ் 'ஈதர்' பாடித் திருப்பிக் கொடுத்தார். ஜே-ஸீ அடுத்து நாஸின் மகளைப் பெற்ற பெண்ணை இழுத்து ஒரு பாட்டு விட்டார். அதைக் கேட்ட ஜே-ஸீயின் அம்மாவே மன்னிப்புக் கேள் என்று சொல்லிவிட்டார். அவரும் ரேடியோவில் மன்னிப்புக் கேட்டார். 2005 அக்டோபரில் ஜே-ஸீ தன் கச்சேரி மேடைக்கு நாஸை அழைத்தார். கச்சேரியின் பெயரோ 'போரை அறிவிக்கிறேன்'! அடுத்த வருடம், ஜே-ஸீ தலைவராக இருந்த டெஃப் ஜாம் என்ற இசை வெளியீட்டுக் கம்பெனியிலேயே நாஸ் சேர்ந்தார்.

எதிர்க்கட்சியின் ஆல்பத்தை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டிருக்கிறானா என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள். என் கடையில் வந்து கத்துகிற பையன்கள் பாதிப் பேர் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வருவது அதற்குத்தான். என் தாத்தா எரியாத கட்சி. ஆனால் எரிந்த கட்சிப் பாட்டு அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

கே: தமிழ் ராப்பில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?
– வாசகி, கூடலூர்

ப: மலேசியாவில் இருந்து வந்த யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' ஆல்பம் (2006). அப்புறம் ராப் பாடகர் அறிவின் 'தெருக்குரல்' (2019). கூடலூர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். அறிவு பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' (2021) கேட்டிருப்பீர்கள். அவருடைய பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். இலங்கையில் இருந்த தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப இரண்டு அரசும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்த நம் ஆட்களின் கதையும் அதுதானே? கடையில் அதைப் போட்ட அன்று, சாப்பாடு கொண்டுவந்த அம்மா தூக்குவாளியைக் கீழே வைக்காமல் கடைசிவரை நின்று கேட்டார். நான் பாக்ஸ் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.