ஓய்வுக் குடியிருப்பில் சபை வாழ்வு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. என் மகள் அமெரிக்காவில் ஜாக்சன்வில் நகரில் இருக்கிறாள். அந்த ஊருக்கு அருகே கிறிஸ்தவ முதியோருக்கென்றே ஒரு குடியிருப்பு இருப்பதாகச் சொல்கிறாள். அங்கே இருப்பவர்கள் நாள் முழுவதும் என்ன செய்வார்கள்? ஜெபமும் வேதபாடமும் மட்டும்தானா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் மகள் சொல்வது பென்னி ஃபார்ம்ஸ் என்ற சிற்றூராக இருக்க வேண்டும். ஃபுளோரிடா மாநிலத்தின் கிளே மாவட்டத்தில், கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு மேற்கே அது இருக்கிறது. அமெரிக்கா முழுவதும் கடைகள் நடத்திய ஜே. சி. பென்னி 1920-களில் அங்கே ஏறத்தாழ 1,20,000 ஏக்கர் நிலத்தை வாங்கி, உழவர் குடும்பங்களைக் குடியேற்ற முனைந்தார். அவருடைய தந்தை மிசூரி மாநிலத்தில் பயிர் செய்துகொண்டே, சம்பளம் வாங்காமல் பிரசங்கித்த பாப்டிஸ்ட் போதகர். வாழ்நாள் முழுவதும் சபைக்காக உழைத்துவிட்டு, முதுமையில் சொந்தமாக ஒரு வீடுகூட இல்லாமல் நிற்கும் போதகர்களுக்கும் மிஷனரிகளுக்கும் இடம் தர வேண்டும் என்று எண்ணி, தம் பெற்றோரின் நினைவாக 1926-இல் அந்தக் குடியிருப்பைத் தொடங்கினார். 1929-இல் பங்குச் சந்தை வீழ்ந்தபின் அவருடைய செல்வம் கரைந்தது. உழவர் குடியேற்றத் திட்டமும் நின்றுபோயிற்று. முதியோர் குடியிருப்பு மட்டும் நிலைத்து, இன்றுவரை நடந்துவருகிறது.

ஆராதனையும் வேதபாடமும் அங்கே உண்டு. ஆனால் அந்த ஊரின் உயிர் அங்குள்ளவர்கள் கையில் எடுத்துக்கொண்ட வேலைகளில் இருக்கிறது. குடியிருப்பவர்கள் தம்மால் இயன்ற தொண்டைச் செய்வது அங்கே தொடக்கத்திலிருந்தே வந்த வழக்கம். அவற்றுள் ஒன்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1990-களில் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில், அதாவது இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில், பணியாற்றிய லாரி ஹில்ஸ் என்ற மிஷனரி, போலியோவால் கால்கள் செயலிழந்தும் கண்ணிவெடியால் கால்களை இழந்தும் தரையில் ஊர்ந்து செல்லும் மக்களுக்கு ஏதாவது ஒரு வண்டி வேண்டும் என்று மெல் வெஸ்ட் என்ற மெதடிஸ்ட் போதகரிடம் கேட்டார். எர்ல் மைனர் என்ற வடிவமைப்பாளரின் உதவியோடு, கையால் சுழற்றி ஓட்டக்கூடிய மூன்று சக்கர வண்டி ஒன்று மிசூரி மாநிலத்தில் உருவாயிற்று. மேடுபள்ளமான மண் பாதையிலும் ஓடும் அளவுக்கு அது உறுதியானது. அந்த வண்டிகளைச் செய்யும் பட்டறைகளுள் ஒன்று பென்னி ஃபார்ம்ஸில் இருக்கிறது. மரத்தை அறுப்பதும், இழைப்பதும், வண்ணம் பூசுவதும், பாகங்களைப் பூட்டி அட்டைப்பெட்டியில் அடைப்பதும் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களே. முழு வண்டியையும் ஒருவரே செய்வதில்லை; நின்று வேலை செய்ய முடியாதவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை இருக்கிறது, கை நடுங்குபவருக்கும் ஏதேனும் ஒரு வேலை கிடைக்கிறது. முடிந்த வண்டிகள் கடல் கடந்து சென்று இலவசமாகவே கொடுக்கப்படுகின்றன.

எண்பது வயதில் காலையில் எழுந்தவுடன், “இன்று நான் போகாவிட்டால் பட்டறையில் என் வேலை நின்றுவிடும்” என்று ஒருவர் நினைக்க முடிவது மிகப் பெரிய பேறு என்று நான் நம்புகிறேன். பொழுதைப் போக்க வழி காட்டுவதும் ஒருவருக்குப் பொறுப்பைக் கொடுப்பதும் ஒன்றல்ல.

கேள்வி: சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், லூத்தரன், பெந்தெகொஸ்தே என்று பலரும் ஒரே இடத்தில் இருந்தால் ஆராதனை முறையிலேயே கருத்து வேறுபாடு வராதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வரத்தான் செய்யும். பென்னி ஃபார்ம்ஸ் பல சபையினரும் சேர்ந்து வாழும் இடம். அங்குள்ள பென்னி நினைவு ஆலயமும் ஒரே சபைக்கு உரியதன்று. இத்தகைய இடங்களில் ஞாயிறு ஆராதனை பொதுவாக இருக்க, திருவிருந்தையும் தனி ஜெபக் குழுக்களையும் அவரவர் மரபுப்படி வைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறார்கள். பாடகர் குழுவில் பக்கத்தில் நிற்பவர் எந்தச் சபை என்பது சில நாள்களில் யாருக்கும் பெரிதாகத் தோன்றுவதில்லை என்பதே பொதுவான அனுபவம்.

கேள்வி: என் மாமியார் இங்கே ஒரு சபை நடத்தும் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நல்ல உணவும் மருந்தும் கிடைக்கின்றன. ஆனால் நாள் முழுவதும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மற்ற இடங்களில் நிகழ்ச்சிகளை யார் ஏற்பாடு செய்கிறார்கள்?
– வாசகி, மதுரை

பதில்: இதற்குக் கலிஃபோர்னியாவின் கிளேர்மான்ட் நகரில் உள்ள பில்கிரிம் பிளேஸ் நல்ல எடுத்துக்காட்டு. 1915-இல் காங்கிரகேஷனல் சபை மரபினர் ஓய்வு பெற்ற மிஷனரிகளுக்காகவும் சபை ஊழியர்களுக்காகவும் அதைத் தொடங்கினார்கள். உங்கள் ஊருக்கு 1834-இல் வந்து, பின்னர் அமெரிக்கன் கல்லூரியையும் உருவாக்கிய அமெரிக்கன் மதுரை மிஷனும் அதே மரபைச் சேர்ந்ததே. பில்கிரிம் பிளேஸில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் ஒரு திருவிழா நடக்கும். அதற்காகக் குடியிருப்பவர்கள் ஆண்டு முழுவதும் மரச் சாமான்களும் தையல் வேலைகளும் நகைகளும் பழப்பாகும் செய்து வைக்கிறார்கள், பழைய புத்தகங்களைத் தரம் பிரித்து விலையிடுகிறார்கள். ஊரார் திரண்டு வந்து வாங்குகிறார்கள். கிடைக்கும் பணம், கையிருப்புத் தீர்ந்துபோன அண்டை வீட்டாரின் பராமரிப்புச் செலவுக்குப் போகிறது. ஆகவே அங்கே கைவேலை வெறும் பொழுதுபோக்காக இருப்பதில்லை. தான் பின்னும் சால்வை இன்னொருவருடைய மருந்தாக மாறும் என்று பின்னுகிறவருக்குத் தெரியும்.

சம்பளம் வாங்கும் ஓர் அலுவலர் மாத அட்டவணையை எழுதிச் சுவரில் ஒட்டுவதும், குடியிருப்பவர்களே குழு அமைத்து முடிவு செய்வதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். முதல் முறையில் முதியவர் விருந்தாளி. இரண்டாவதில் அவர் வீட்டுக்காரர். நம் இல்லங்களில் பெரும்பாலும் முதல் முறைகூட இல்லை. முதியவரை ஒரு வேலையும் செய்யவிடாமல் பார்த்துக்கொள்வதே மரியாதை என்று பிள்ளைகளாகிய நாம் நினைக்கிறோம். என் கருத்தில் அது மரியாதை அன்று. அவரை மெல்ல மெல்ல ஒதுக்கி வைப்பது.

உங்கள் மாமியாரின் இல்லப் பொறுப்பாளரிடம் பேசும்போது பெரிய திட்டம் எதையும் கேட்க வேண்டாம். மாலை ஜெபத்தில் எந்தப் பாமாலை பாடுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். கீரை ஆய்வதோ, புதிதாக வந்தவருக்கு இல்லத்தைச் சுற்றிக் காட்டுவதோ, அருகில் உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதோ, அவருக்குப் பழக்கமான ஏதாவது ஒன்று வாரந்தோறும் அவர் பெயரில் இருக்கட்டும். அவர் வராத நாளில் அவரைத் தேடி யாரேனும் அறைக்கு வர வேண்டும். அப்படிப்பட்ட வேலையாக அது இருக்க வேண்டும்.

கேள்வி: நடமாட முடிந்தவர்களுக்கு இதெல்லாம் சரி. என் தந்தைக்கு நினைவு தடுமாறுகிறது, நடையும் தளர்ந்துவிட்டது. இவரைப் போன்றவர்களுக்குச் சமூக வாழ்வு என்று ஏதாவது உண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒரு குடியிருப்பு கிறிஸ்தவப் பெயருக்குத் தகுதியானதா என்பதை இந்த ஒரு கேள்வியைக் கொண்டே அளந்துவிடலாம். அமெரிக்காவில் தனி வீடு, உதவியோடு வாழும் பகுதி, செவிலியர் பராமரிப்புப் பகுதி ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கும் குடியிருப்புகள் பல உண்டு. ஒருவர் மூன்றாவது பகுதிக்கு மாறியதும், முந்தைய நாள்வரை உடன் உணவருந்திய நண்பர்களே அங்கே வரத் தயங்குவதும் உண்டு. தமக்கும் அந்த நிலை வரும் என்ற அச்சமே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இதில் குவேக்கர் சபையினர் செய்த தொண்டு மறக்கத் தகாதது. பென்சில்வேனியா மாநிலத்தில் அவர்கள் 1973-இல் தொடங்கிய கெண்டல் குடியிருப்பில், தடுமாறும் முதியவர்களை நாற்காலியிலோ கட்டிலிலோ கட்டி வைக்கும் வழக்கத்தை ஏற்கவில்லை. விழுந்துவிடுவார்கள் என்பதற்காகக் கட்டி வைப்பது அந்நாளில் அமெரிக்க மருத்துவ இல்லங்களில் சாதாரணமாக இருந்தது. 1986-இல் கெண்டல் அமைப்பு அந்த வழக்கத்துக்கு எதிராக நாடளாவிய இயக்கமே தொடங்கியது. பணியாளரின் வசதிக்காகவோ தண்டனையாகவோ முதியவரைக் கட்டக் கூடாது என்பது 1987-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்திலும் இடம்பெற்றது. எழுந்து நடக்க விடாமல் கட்டப்பட்டவருக்கு ஆராதனையும் தோட்டமும் இருந்து என்ன பயன்?

நினைவு தடுமாறுகிறவர்களில் பலருக்கு, நேற்று நடந்தது மறந்தாலும் சிறுவயதில் பாடிய பாட்டுகள் நெடுங்காலம் தங்குகின்றன. பெற்ற மகனின் பெயரை மறந்தவர்கூடக் கீர்த்தனையின் அடுத்த அடியைச் சரியாக எடுத்துக் கொடுப்பது உண்டு. ஆகவே பாடகர் குழு ஆலயத்தில் பாடுவதோடு நில்லாமல் வாரம் ஒருமுறை அவர் இருக்கும் இடத்துக்கே வர வேண்டும். பெரிய கூட்டம் அவரைக் குழப்பும். இரண்டு மூன்று பேர், தெரிந்த முகங்கள், பழைய ராகம் ஆகியவை போதும். உங்கள் தந்தை வீட்டில்தான் இருக்கிறார் என்றால், சபைப் போதகரிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: எங்கள் மகன் எங்களை அமெரிக்காவில் இத்தகைய குடியிருப்பு ஒன்றில் சேர்க்க விரும்புகிறான். நாங்கள் எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்?
– வாசகர், திருச்சி

பதில்: செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல இடங்களில் சேரும்போது பெருந்தொகை ஒன்றும், பிறகு மாதக் கட்டணமும் கேட்பார்கள். உடல்நிலை தளர்ந்தால் கட்டணம் உயருமா, விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவை ஒப்பந்தத்தில்தான் இருக்கும். அன்றாடப் பராமரிப்பு நீண்ட காலம் தேவைப்பட்டால் அந்த நாட்டு அரசு முதியோருக்கு அளிக்கும் மெடிகேர் மருத்துவக் காப்பீடு அதற்குப் பணம் தராது என்பதையும் மகன் அறிந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம்.

என் கவலை வேறு. அந்த வளாகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நீங்கள் இருவர் மட்டுமாக இருக்கலாம். உங்களில் ஒருவர் மறைந்தபின் மற்றவர் தம் மொழியில் யாரோடு பேசுவார்? சனிக்கிழமை ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும் போதாது. ஆகவே மகனின் வீடும் ஒரு தமிழ்ச் சபையும் எவ்வளவு தொலைவு, ஞாயிறுதோறும் யார் வந்து அழைத்துப் போவார்கள் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். பல குடியிருப்புகளில் விருந்தினர் அறை உண்டு. சில நாள்கள் அதில் தங்கி, நடத்துகிறவர்களை விடக் குடியிருப்பவர்களோடு அதிகம் பேசுங்கள். உணவு மேசையில் உங்கள் அருகில் உட்காருகிறவரிடம், “உங்களுக்கு இங்கே என்ன வேலை?” என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் மனைவி தையல் தெரிந்தவர், நீங்கள் கணக்கு எழுதத் தெரிந்தவர் என்றால், அந்த இரண்டுக்கும் அங்கே இடம் இருக்கிறதா என்பதையும் அவரிடமே விசாரியுங்கள்.