அரசு டெண்டரில் இறங்கலாமா? முதலில் கையிருப்பைக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: எட்டுப் பேர் வேலை செய்யும் தையல் யூனிட் நடத்துகிறேன். தனியார் மருத்துவமனைகளுக்கு பெட்ஷீட், தலையணை உறை, ஊழியர் சீருடை தைத்துக் கொடுக்கிறோம். ஆண்டு விற்றுமுதல் சுமார் 60 லட்சம். மத்தியப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் மருத்துவமனை பெட்ஷீட் கேட்டு டெண்டர் விட்டிருப்பதாகவும், அது 18 லட்ச ரூபாய் ஆர்டர் என்றும் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். பதிவிலிருந்து ஆர்டர் வரை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வாராம், 40,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். என்னிடம் 6 லட்சம் ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது. அதை உடைத்து இறங்கலாமா? – ஒரு வாசகி

பதில்: அரசு ஆர்டர்களில் தாராளமாக இறங்குங்கள். ஆனால் இந்த டெண்டர் வேண்டாம், அந்த நபரும் வேண்டாம்.

அவர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஆதார், பான், ஜிஎஸ்டி எண் இருந்தால் நீங்களே அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். அரசு அலுவலகங்கள் பொருள் வாங்குவதற்காக மத்திய அரசு 2016-ல் தொடங்கிய ஜெம் என்ற இணையச் சந்தைத் தளத்தில் விற்பனையாளராகச் சேரவும் பதிவுக் கட்டணம் கிடையாது. மற்ற மின்-டெண்டர் தளங்களுக்கு கிளாஸ் 3 டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், அதற்கு மட்டும்தான் செலவு. அந்தக் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி டோக்கனையும் பாஸ்வேர்டையும் யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள். உங்கள் பெயரில் அவர் ஒரு விலையைப் போட்டுவிட்டு, அந்த விலைக்குச் சரக்குக் கொடுக்க முடியாமல் போனால், தடைப்பட்டியலில் ஏறுவது உங்கள் நிறுவனம்தான்.

சரி, இப்போது அந்த 18 லட்சத்துக்கு வருவோம். உங்கள் தொழிலை வைத்து நான் போடும் உத்தேசக் கணக்கு இது. துணிக்கு பதினொன்றரை லட்சம், தையல் கூலி மூன்றரை லட்சம், பரிசோதனை, பேக்கிங், லாரி எல்லாம் சேர்த்து ஒரு லட்சம். ஆக அடக்கம் 16 லட்சம், லாபம் 2 லட்சம். ஆர்டர் கிடைத்ததும், ஒப்பந்தப்படி சரக்குக் கொடுப்பதற்கான பிணைத்தொகையாகச் செயல்திறன் உத்தரவாதம் கட்டச் சொல்வார்கள். 5 சதவீதம் என்றால் 90,000 ரூபாய். சரக்கு கொடுத்து, உத்தரவாதக் காலமும் முடியும்வரை அது உங்கள் கைக்கு வராது. இன்வாய்ஸ் போட்டுவிட்டால் பில் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதமே ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் அரசு நிறுவனங்கள் பில் பணத்திலிருந்தே 2 சதவீதத்தை ஜிஎஸ்டி டிடிஎஸ் என்று வரியாகப் பிடிப்பதையும் மறக்காதீர்கள். அது உங்கள் ஜிஎஸ்டி கணக்கில் வரவு வைக்கப்படும், தொலைந்துபோகாது. ஆனால் அந்த 36,000 ரூபாயைக் கொண்டு கூலி கொடுக்க முடியாது.

உங்களிடம் இருப்பது 6 லட்சம். குறைந்தது 10 லட்சம் கடன் வாங்க வேண்டியிருக்கும். 12 சதவீத வட்டி என்றால் மாதம் 10,000 ரூபாய். பணம் வர ஐந்து மாதம் ஆனால் வட்டிக்கே 50,000 போய்விடும். சரக்கு இரண்டு வாரம் தாமதமானால் அதற்கும் அபராதம் உண்டு. ஜெம் பொது நிபந்தனைப்படி அது வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம். இந்த ஆர்டரில் வாரம் 9,000 ரூபாய். 2 லட்ச லாபம் ஒன்றேகால் லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, இத்தனை மாதம் உங்கள் எட்டுத் தையல்காரர்களும் இந்த ஒரே ஆர்டரில் மாட்டிக்கொள்வார்கள் என்பது. இன்றைக்கு ஒழுங்காகப் பணம் தரும் தனியார் மருத்துவமனைகள் அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டால் அந்த நஷ்டத்தை எந்த டெண்டரும் ஈடுகட்டாது.

ஆகவே முதல் ஆர்டர் 3 லட்சத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். ஆறு மாதம் பணம் வராவிட்டாலும் யூனிட் தடுமாறாமல் ஓட வேண்டும், அதுதான் அளவு. டெபாசிட்டையும் உடைக்க வேண்டாம். அதன்மேல் ஓவர்டிராஃப்ட் வாங்கினால் பயன்படுத்திய தொகைக்கு, பயன்படுத்திய நாட்களுக்கு மட்டும்தான் வட்டி.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கும் இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். 2012-ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் கொள்கை ஆணைப்படி, மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு. உத்யம் பதிவில் அந்த விவரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டெண்டர் படிவத்துக்குக் கட்டணம் இல்லை, இஎம்டி எனப்படும் முன்வைப்புத் தொகையிலிருந்தும் விலக்கு உண்டு. சொந்தமாகத் தைத்துக் கொடுப்பவர் என்பதால் உங்களுக்கு இவை கிடைக்கும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்குக் கிடைக்காது. மாநில அரசு டெண்டர்களில் அந்தந்த மாநில விதிதான் செல்லும், எனவே ஒவ்வொரு ஆவணத்தையும் தனியாகப் படிக்க வேண்டும்.

இன்னொரு சலுகையும் இருக்கிறது. பெரிய நிறுவனம் ஒன்று 100 ரூபாய்க்குக் குறைந்த விலை போட்டு, நீங்கள் 113 போட்டிருந்தால், 15 சதவீத வரம்புக்குள் வருகிறீர்கள். பிரிக்கக்கூடிய ஆர்டராக இருந்தால் அதே 100 ரூபாய்க்குக் குறைந்தது 25 சதவீத அளவைச் சப்ளை செய்ய உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் உங்கள் அடக்கமே 104 என்றால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். சலுகை கிடைக்கிறதே என்று நஷ்டத்துக்குத் தைத்துக் கொடுத்த யூனிட்கள் நிறைய.

தேடுவதற்கு ஜெம், மத்தியக் கொள்முதல் தளம், உங்கள் மாநில டெண்டர் தளம் மூன்றும் போதும். வாரம் இரண்டு முறை பாருங்கள். புது டெண்டர்களைவிட, முடிந்துபோன டெண்டர்களில் அதிக நேரம் செலவிடுங்கள் என்பேன். போன முறை யார், என்ன விலைக்கு எடுத்தார்கள் என்று தெரிந்தால் உங்கள் விலை அங்கே நிற்குமா என்பது வீட்டிலிருந்தபடியே புரிந்துவிடும். அப்புறம், பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் ஆண்டுக் கொள்முதல் திட்டத்தை இணையதளத்தில் போட வேண்டும். எந்தப் பொருளை எவ்வளவு வாங்கப்போகிறார்கள் என்பது அதில் இருக்கும்.

டெண்டர் ஆவணத்தில் விலைப் பட்டியலுக்கு முன் நான்கு விஷயங்களைப் படியுங்கள்: சரக்கு கொடுக்க எத்தனை நாள், யார் பரிசோதிப்பார்கள், நிராகரித்தால் திருப்பி எடுக்கும் செலவு யாருடையது, பணம் எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாளில். பெட்ஷீட் என்றால் ஜிஎஸ்எம் அளவு (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை), சுருக்கம், சாயம் போகாத தன்மை ஆகியவற்றுக்கு ஆய்வகச் சான்று கேட்பார்கள். வழக்கமாக வாங்கும் துணி அந்த அளவில் ஒரு புள்ளி குறைந்தாலும் மொத்தச் சரக்கும் திரும்பி வரலாம். விலை போடும் முன்பே ஒரு மீட்டர் துணியைப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுங்கள். தொழில்நுட்ப விவரத்தையும் விலையையும் தனித்தனியாகக் கொடுக்கும் இரண்டு உறை முறை டெண்டரில் விலையைத் தொழில்நுட்ப உறையில் எங்கும் எழுதிவிடாதீர்கள், அதற்காகவே நிராகரிப்பார்கள்.

பணம் தாமதமானால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் கைகொடுக்கும். சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேல் இழுக்கக் கூடாது. சரக்கு கொடுத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் சொல்லாவிட்டால், கொடுத்த நாளையே ஏற்ற நாளாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் தேதியும் முத்திரையும் உள்ள ரசீதை வாங்காமல் லாரியைத் திருப்பாதீர்கள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. இதற்கான மத்திய அரசின் இணையதளத்தில் புகார் கொடுத்தால், இத்தகைய வழக்குகளைத் தீர்க்கும் மாநில வசதி மன்றத்துக்குப் போகும். உத்யம் பதிவு ஆர்டருக்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கவனம். வாங்குவது பொதுத்துறை நிறுவனமாக இருந்தால் இன்வாய்ஸ்மேல் வங்கிகள் பணம் தரும் ட்ரெட்ஸ் தளத்தில், சிறிய கழிவு போக முன்கூட்டியே பணம் எடுக்கலாம். வாங்கியவர் பிறகு கட்டாவிட்டாலும் அந்தச் சுமை உங்கள்மேல் வராது.

இந்த வாரம் உத்யம் பதிவையும் ஜெம் பதிவையும் முடித்துவிடுங்கள். அந்த 18 லட்ச டெண்டரின் ஆவணத்தை எப்படியும் இறக்கிப் படித்து, கலந்துகொள்ளாமலே ஒரு விலையைக் குறித்து வையுங்கள். முடிவு வெளியானதும் ஜெயித்த விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால், அடுத்து வரும் சின்ன டெண்டருக்கு விலை போடலாம்.