21 வருஷக் கணக்கு

அம்மா, உங்கள் மகன் மலேசிய இராணுவத்தில் சேர்வது பற்றிச் சனிக்கிழமை நீங்கள் கொண்டுவந்த தாளில் ஆரம்பச் சம்பளத்தைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தீர்கள். "பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில ஓவர்டைம் செஞ்சா இதைவிடக் கூட வருமே சார்" என்றீர்கள். வரும்தான். ஆனால் கணக்கு அந்த வட்டத்தோடு முடிவதில்லை.

தம்பி சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தால், சம்பளத்தில் 10 விழுக்காட்டை எல்டிஏடி என்ற இராணுவச் சேமநிதிக்குப் பிடிப்பார்கள். அரசாங்கம் 15 போடும். ஃபேக்டரியில் சம்பளம் 5,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) என்றால் இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிக்கு அவன் 11 விழுக்காடு, முதலாளி 13. ஆக, ஆயிரம் வெள்ளிக்கு இராணுவத்தில் 250, ஃபேக்டரியில் 240. பத்து வெள்ளிக்காக யாரும் துப்பாக்கி தூக்கப் போவதில்லை.

பெரிய வித்தியாசம் பென்ஷனில்தான். சிப்பாய்களுக்கு அது 21 வருஷச் சேவைக்குப் பிறகு. 19 வயதில் சேர்ந்தவன் 40-இல் பென்ஷனோடு வந்து வேறு வேலையும் பார்க்கலாம். பன்னிரண்டு வருஷத்தில் சலித்துப்போய் வெளியேறினால் மாதாமாதம் வரும் அந்தப் பணம் கிடையாது. அப்படி வந்த முன்னாள் வீரர்களின் குறை இன்னும் ஓயவில்லை. புதிய அரசு ஊழியர்களின் பென்ஷன் முறையை மாற்றுவதாக 2024-இல் அறிவிப்பு வந்தது. அதனால் 'இந்தத் தடவை சேர்கிறவர்களுக்கு எந்தத் திட்டம்' என்று ஆள்சேர்ப்பு அதிகாரியிடம் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

போர்ட் டிக்சனில் பயிற்சி முடித்து தீபாவளிக்கு வந்த ஒரு பழைய மாணவன் சம்பளச் சீட்டைக் காட்டினான். அடிப்படைச் சம்பளம் ஒரு வரி, அதன்கீழ் அலவன்ஸ் நாலைந்து வரி, கடைசியில் புது மோட்டார் சைக்கிள் கடன். அலவன்ஸ் வேலைக்கும் இடத்துக்கும் தக்கபடி ஏறி இறங்கும்; பென்ஷனைக் கணக்கிடுவது அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். கடனை அலவன்ஸை நம்பி வாங்கியிருந்தான், பாவம்.

மருத்துவச் செலவு அரசாங்கத்துடையது. கல்யாணமானால் முகாமில் குடும்ப வீடும் உண்டு, காலியாக இருந்தால். பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்து விமானங்களைப் பார்த்தே வளர்ந்த பையன். கடல் தாண்டி லாபுவான் தீவுக்கு மாற்றினாலும் போகத்தான் வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள். எஸ்டிபிஎம் என்ற ஆறாம் படிவத் தேர்வை முடித்து, யுபிஎன்எம் என்ற தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் வழியாக அதிகாரியாகப் போனால் கதையே வேறு. அதிகாரிகளுக்கு எல்டிஏடி கட்டாயமில்லை, அவனாகத்தான் போட வேண்டும்.

உள்ளே ஆள் இருக்கிறது என்று யாராவது காசு கேட்டால் ஒரு காசு கொடுக்காதீர்கள். மனு போடக் கட்டணமே கிடையாது.

அடுத்த சனிக்கிழமை தம்பியை மட்டும் அனுப்புங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் அவன் வாயே திறப்பதில்லை.