ஸ்கோபஸில் எச்-இன்டெக்ஸ் 9, கூகுள் ஸ்காலரில் 14: விண்ணப்பத்தில் எதைப் போடுவது?

நண்பரே, இந்த இடைவெளி வழக்கமானதுதான். எச்-இன்டெக்ஸ் 9 என்றால், குறைந்தது 9 மேற்கோள்களாவது பெற்ற கட்டுரைகள் 9 உள்ளன என்று பொருள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகள், முன்பதிப்புகள் (இதழில் வெளிவருமுன் இணையத்தில் போடும் கட்டுரைகள்) ஆகியவற்றிலிருந்து வரும் மேற்கோள்களையும் எண்ணும். ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளமோ தன் பட்டியலில் உள்ளவற்றை மட்டுமே எண்ணும்.

முதலில் ஸ்கோபஸில் இனிஷியலை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேடுங்கள். நம் பெயர்களுக்கு இரண்டு ஆசிரியர் ஐடி உருவாகி, மேற்கோள்கள் பிரிந்துகிடப்பது அடிக்கடி நடக்கும். இருந்தால் இணைக்கக் கோரிக்கை அனுப்புங்கள். பிறகு இரண்டு எண்களையும் எடுத்த தேதியோடு எழுதுங்கள்; தன்மேற்கோள் (நம் கட்டுரையை நாமே மேற்கோள் காட்டியது) நீக்கிய ஸ்கோபஸ் எண்ணையும் கொடுங்கள்.

ஆனால் செயல்முறைப் பொறியியலில் எண் மட்டும் போதாது. ஆலையின் வெப்பத்தை மீண்டும் பயன்படுத்தத் திட்டமிடும் லின்ஹாஃபின் பிஞ்ச் முறை பேர் வாங்கியதே ஐசிஐ என்ற பிரிட்டிஷ் வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆலைகளில் எரிபொருளை மிச்சப்படுத்திக் காட்டியதால்தான். நீங்கள் வடிவமைத்த வெப்பப் பரிமாற்றி வலையமைப்பு எந்த ஆலையிலாவது ஓடுகிறதென்றால், மணிக்கு எத்தனை டன் நீராவி குறைந்தது என்பதை ஆலையின் கடிதத்தோடு கட்டாயம் இணையுங்கள்.