பார்க்கின்சனும் யோசனைத் தடுமாற்றமும்: ஞாயிறு கேள்வி பதில்

நரம்பியல் நோயாளிகளின் நினைவு, கவனம், திட்டமிடும் திறன் இவற்றைச் சோதித்துப் பார்ப்பது என் தொழில். மருந்து எழுதுவது என் தொழில் இல்லை. அதனால் எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அம்மாபேட்டை மகன்: வணக்கம் மேடம். அப்பாவுக்கு 68 வயது, தறிக்காரர், மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். பார்க்கின்சன் (நடுக்குவாதம்) வந்து ஏழு வருஷம். நினைவு, கவனம் பார்க்கும் மோக்கா தேர்வில் 30க்கு 19 வந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் டிமென்ஷியா (மறதி நோய்) என்கிறார்கள். அப்படித்தானா?

பதில்: 19 என்ற எண்ணை வைத்து நானே சொல்ல மாட்டேன், சொந்தக்காரர்கள் எப்படிச் சொல்கிறார்கள்?

மோக்காவில் 26க்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. பள்ளிப் படிப்பு 12 வருஷமோ அதற்குக் குறைவோ என்றால் ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். பென்சிலே அதிகம் பிடிக்காதவருக்கு அந்த ஒன்று எந்த மூலைக்கு? கனசதுரத்தைப் பார்த்து வரை, 11 மணி 10 நிமிடம் காட்டும் கடிகாரம் போடு என்றால், படிப்பு இல்லாததால் போனது எது, கை நடுங்கியதால் போனது எது, மூளை தடுமாறியதால் போனது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் அது தெரியாது. தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் முதலில் ஐந்து வார்த்தை இருக்கும் இடத்தைப் பாருங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். பார்க்கின்சன்காரர்களில் பலர் தானாகச் சொல்லத் திணறுவார்கள், "அது ஒரு பூ" என்று எடுத்துக் கொடுத்தால் சொல்லிவிடுவார்கள். வார்த்தை உள்ளே பதிந்திருக்கிறது, தேடி எடுப்பதுதான் சிக்கல். அல்சைமரில் எடுத்துக் கொடுத்தாலும் பெரும்பாலும் வராது.

அடுத்தது, சோதனை நடந்த நேரம். பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரை வேலை செய்து உடம்பு இளகியிருக்கும்போது சோதித்தார்களா, காலை மாத்திரையின் வேகம் குறைந்து உடம்பு கட்டையாகிக் கிடந்தபோதா? இரண்டாவது என்றால் அந்த 19ஐ நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

டிமென்ஷியா என்று சொல்ல, ஒன்றுக்கு மேற்பட்ட திறன்களில் சரிவு இருக்க வேண்டும், அது அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கவும் வேண்டும். 2007ல் இயக்கக் கோளாறு நிபுணர்கள் வகுத்த வரையறை அது. சரிவு இருக்கிறது, ஆனால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்றால் லேசான குறைபாடு. அதற்கு 2012ல் தனி வரையறை வந்தது. கெடுப்பது நடுக்கமா, யோசனையா என்பதுதான் இங்கே கேள்வி. அப்பாவைத் தறிப் பக்கம் கூட்டிப்போங்கள். அறுந்த இழையை முடிச்சுப் போடக் கை வரவில்லை என்றால் அது பார்க்கின்சன். எந்த இழை அறுந்தது, அது தறியின் எந்தக் கண்ணில் கோத்திருந்தது என்று பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிறார் என்றால் எனக்குச் சொல்லுங்கள். கூலிக் கணக்கையும் கேட்டுப் பாருங்கள்.

ஓமலூர் வாசகி: மோக்கா தாள் போனில் கிடைத்தது மேடம். வீட்டிலேயே அம்மாவுக்கு வைத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு தடவை வைத்தால் மூன்றாவது தடவை வார்த்தைகள் மனப்பாடம். அப்புறம் நாங்கள் வைக்கும் சோதனைக்கு அர்த்தமே இருக்காது.

ஆத்தூர் மருமகள்: பார்க்கின்சன் உள்ள மாமியாருக்கு மூன்று நாளாகக் குழப்பம். ராத்திரி கட்டிலடியில் பூனை இருக்கிறது என்கிறார். போன வாரம் வரை நன்றாக இருந்தார். எந்தச் சோதனை செய்யலாம் அக்கா?

பதில்: சோதனை இப்போது வேண்டாம்மா, இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பார்க்கின்சன் மறதி மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நகரும். மூன்று நாளில் வந்தது என்றால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புது மாத்திரை என்று வேறு காரணம் இருக்கலாம். பல நேரம் சரிசெய்யக்கூடியது. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் வயதானவர்களின் நினைவைக் குழப்பும். பார்க்கின்சன் இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். குழப்பத்துக்கு ஹாலோபெரிடால் ஊசி போட்டால் உடம்பு இன்னும் இறுகிவிடும். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது, குறிப்பாக லெவோடோபாவை.

சூரமங்கலம் கணக்கு வாத்தியார்: முதல் பதிலில் எனக்கு உடன்பாடு இல்லை. மதிப்பெண் என்றால் மதிப்பெண்தான். 100லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கத் தெரியாதவருக்கு மூளை தேய்ந்திருக்கிறது என்று சொல்ல என்ன தயக்கம்?

பதில்: ஐயா, ஏழு ஏழாகக் கழிக்க அவர் என்றைக்காவது கற்றுக்கொண்டாரா என்பதுதான் தயக்கம். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்காக மோக்காவிலேயே எளிய வடிவம் ஒன்று இருக்கிறது.

அம்மாபேட்டை மகன்: சார், எங்கப்பா பாவுக்கு எத்தனை இழை என்று தாள் இல்லாமல் சொன்னவர்.

வாத்தியார்: சொன்னவர் தம்பி. இப்போது சொல்கிறாரா?

ஏற்காடு பேத்தி: என் பாட்டி எஸ்டேட்டில் காபி பறித்தவர், எழுத்தே தெரியாது. அந்தத் தாளை வைத்தால் பூஜ்யம்தான் வரும். அவர்தான் இன்றைக்கும் வீட்டுச் செலவை நடத்துகிறார்.

பதில்: வாத்தியார் ஐயா சண்டைக்கு வந்தாலும் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். "இப்போது சொல்கிறாரா?" ஒருவரை அவருடைய பழைய ஆளோடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரோடு இல்லை.

வாத்தியார்: அப்படியானால் மறுபக்கத்தையும் சொல்லுங்கள் மேடம். எனக்கும் பார்க்கின்சன் இருக்கிறது. மோக்காவில் 28. எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் நாற்பது வருஷமாக எழுதிவரும் சீட்டுக் கணக்கில் இப்போது திணறுகிறேன். பாதியில் யாராவது கூப்பிட்டால் எங்கே விட்டேன் என்று தெரிவதில்லை.

பதில்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா. நன்றாகப் படித்தவர்கள், எண்களோடு வாழ்ந்தவர்கள், இந்தச் சின்னச் சோதனையைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள். சரிவு தொடங்கியிருந்தாலும் 28 வரலாம். உங்களுக்கு வேண்டியது முழுச் சோதனை. கவனம், திட்டமிடல், நினைவு, மொழி, இடவுணர்வு என்று ஐந்து பிரிவு, ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு சோதனை. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் திரும்பும்போது விட்டுப்போவது பார்க்கின்சனில் அடிக்கடி முதலில் தெரிவதுதான். ஆனால் மனச்சோர்வும் தூக்கக் கேடும் அப்படியே செய்யும். பி12, தைராய்டு பார்த்தார்களா?

வாத்தியார்: பார்க்கவில்லை. தூக்கமும் சரியில்லை. கனவில் கையை வீசுகிறேன் என்று வீட்டம்மா சொல்கிறாள்.

பதில்: அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கனவுக்கு ஏற்ப உடம்பு அசைவது பார்க்கின்சனில் வரக்கூடியது.

கொண்டலாம்பட்டி: அம்மாவுக்கு மோக்காவில் 22. டிமென்ஷியாவா?

பதில்: மேலே படியுங்கள்.

ஏற்காடு பேத்தி: தாத்தாவுக்கும் பார்க்கின்சன் இருக்கிறது மேடம், மோக்காவில் 25. சேலத்துக்கு ஜீப் ஓட்டிக்கொண்டு இறங்குகிறார். விடலாமா?

பதில்: 20 கொண்டை ஊசி வளைவு உள்ள மலைப்பாதை. 25ஐ வைத்து ஓட்டலாம் என்று யாரும் சான்றிதழ் தர முடியாது. இடவுணர்வும், கவனத்தைப் பிரிக்கும் திறனும் குறைந்தால் எதிரே வரும் பஸ்ஸின் தூரமே தப்பாகத் தெரியும். பார்க்கின்சனுக்கு பிராமிபெக்சோல் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் திடீர்த் தூக்கமும் வரலாம். முழுச் சோதனை முடியும் வரை சாவி உங்களிடம் இருக்கட்டும். கோபப்படுவார், படட்டும்.

செவ்வாய்பேட்டை: பூனைக்காலி விதைப் பொடி மறதிக்கு நல்லதா?

பதில்: அதில் லெவோடோபா இருக்கிறது. டாக்டருக்குத் தெரியாமல் தரக் கூடாது. மறதிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேட்டூர்: டிமென்ஷியா என்றே வைத்துக்கொள்வோம். மருந்து உண்டா?

பதில்: ரிவாஸ்டிக்மின் உண்டு. ஓரளவு உதவும், நோயை நிறுத்தாது. குமட்டல் வரும், சிலருக்கு நடுக்கம் கூடும். மீதியை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கொண்டலாம்பட்டி: மேலே படித்தேன். அம்மா பிளஸ் டூ. அப்படியானால் 22 என்பது?

பதில்: 22 என்பது 22. மாத்திரை வேலை செய்த நேரமா, தாளில் எங்கே போயிருக்கிறது, சமையலும் வரவு செலவும் முன்போல நடக்கிறதா? இந்த மூன்றையும் எழுதுங்கள், அடுத்த ஞாயிறு பார்க்கிறேன்.

வாத்தியார்: முழுச் சோதனைக்கு வர எது நல்ல நேரம் மேடம்?

பதில்: மாத்திரை போட்ட பின் உங்களுக்கு எப்போது நன்றாக நடக்க வருகிறதோ அந்த நேரம். கண்ணாடி, காது மெஷின் இருந்தால் கட்டாயம். வீட்டம்மாவையும் கூட்டி வாருங்கள், அவரிடம் தனியாகப் பேச வேண்டும். சீட்டு நோட்டில் பழைய வருஷத்தது ஒன்று, இந்த வருஷத்தது ஒன்று கொண்டு வாருங்கள்.